ஈறுகளில் இரத்தக் கசிவும் ஒரு நாள் கூலியும்

பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்தால், நான்கு நாட்களுக்குப் பிரஷ்ஷை ஒதுக்கி வைப்பதே பலரது வழக்கம். நோயை வளர்க்க இதைவிட எளிய வழி இல்லை. பல்லும் ஈறும் கூடுமிடத்தில் கிருமிகள் படலமாகப் படிவதே கசிவின் முதற்காரணம். 1965இல் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்து ஆராய்ந்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீங்கியது. இக்கட்டத்தில் செலவு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை.

படலம் இறுகிக் காரையானபின் பிரஷ் பயன்படாது. பல் மருத்துவர்தான் அதனைச் சுரண்டி அகற்ற வேண்டும். அதையும் புறக்கணித்தால், பல்லைத் தாங்கும் எலும்பு சிலருக்குப் படிப்படியாகக் கரைகிறது.

வட ஆர்க்காட்டுத் தமிழர் கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிய காலத்தில், வேறு பல தமிழர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். பல் மருத்துவமே கண்டிராத அத்தகைய தோட்டத் தொழிலாளர் 480 பேரை, 1970 முதல் 15 ஆண்டுகள் லோ குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஈறழற்சி ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மிதமாக முற்றியது. 11 பேருக்கு ஈறழற்சியோடு நின்றது. தாம் அந்தப் பதினொருவரில் ஒருவர் என்றே ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறோம்!

புகைப்பவருக்குக் கசிவு குறைவாகத் தோன்றலாம்; அது நலத்தின் அறிகுறியன்று, புகை நோயை மறைக்கிறது. நீரிழிவும் கருவுற்ற நிலையும் அழற்சியை மிகுவிக்கும். வைட்டமின் சி குறைவாலும் ஈறு கசியும். ஆனால், காரை படிந்த பல்லுக்கு வைட்டமின் மாத்திரை மாற்றாகாது. காய்ச்சலுடனோ, உடலின் பிற இடங்களிலும் இரத்தம் வெளிப்பட்டாலோ, உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தங்கவயலில் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. எனினும், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், வைகறை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்பவர் பலர். இவர்களுக்குக் காரை அகற்றும் கட்டணத்தைவிட, அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலியே பெருஞ்சுமை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருப்புகளிலேயே பரிசோதனை முகாம் நடத்தினால் அச்சுமை நீங்கும். பல்லைப் பிடுங்கிச் செயற்கைப் பல் பொருத்தும் செலவோடு ஒப்பிட்டால், முகாமுக்கு ஆகும் செலவு சிறிதே.