அடைக்கோழியும் அவசரமும்

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். லயத்து வீடுகளின் பின்புறம் கோழி வளர்ப்பது அவர்களுள் பலருக்கு வழக்கமாக இருந்தது. இன்று பிறை ஒரு தொழிற்பேட்டை நகரம். ஆயினும், சில வீடுகளின் கொல்லையில் நாலைந்து கம்பத்துக் கோழிகள் இன்னும் மண்ணைக் கிளறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அத்தகைய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒரு பாட்டி ஐந்து பெட்டைகளையும் ஒரு சேவலையும் வளர்க்கிறார். அக்டோபர் மாத மழை இரவு ஒன்றில், மரநாய் கூண்டுக்குள் புகுந்து மூன்று பெட்டைகளைக் கொன்றுவிட்டது. எஞ்சியவை இரண்டு பெட்டைகளும் சேவலும்தாம். விடைக்கோழிகள், அதாவது முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகள், கிடைக்குமா என்று பாட்டி விசாரித்தார். வழக்கமாகக் கோழி தருபவர் கையை விரித்துவிட்டார். வளர்ந்தவை எல்லாம் தீபாவளிச் சமையலுக்கு விற்றுப்போயின. மழை ஓயும்வரை புதுக் குஞ்சுகளும் இல்லை.

கோழிக்கும் பருவம் உண்டா?

கோழி முட்டையிடுவதைப் பகல் வெளிச்சம் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. குளிர்நாடுகளில் குளிர்காலப் பகல் குறுகுவதால் முட்டை குறையும். வசந்த காலத்தில் குஞ்சுகள் பெருகும். பினாங்கோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு 40 நிமிடத்திற்கும் குறைவு. எனவே, இங்குக் கோழிக்குப் பருவம் வகுப்பது சூரியன் அன்று. பண்டிகையும் மழையும் சந்தையும்தாம்.

சந்தையின் வலிமையை 2022ஆம் ஆண்டு காட்டியது. தீவன விலை உயர்ந்து கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாதத்திற்கு 36 லட்சம் கோழிகள் வரையிலான ஏற்றுமதியை மலேசியா ஜூன் 1 முதல் நிறுத்தியது. தனக்குத் தேவையான கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மலேசியாவிடமிருந்து பெற்றுவந்த சிங்கப்பூரும் அதனால் திணறியது.

மலிவு விலையின் ஆபத்து

நாம் கற்பனை செய்த வீட்டில், இரண்டு நாள் கழித்துப் பேரன் ஒரு செய்தியுடன் வந்தான்.

"பாட்டி, லாரியில் கோழி விற்கிறார்கள். விலை மிகக் குறைவு. இன்றைக்கே மூன்று வாங்கிவிடலாமா?"

"எங்கிருந்து வந்த கோழி, ஐயா?"

"தெரியவில்லை, பாட்டி."

"மூன்றுக்கு ஆசைப்பட்டு, இருக்கிற மூன்றையும் இழக்கலாமா?"

பாட்டியின் அச்சம் நியாயமானது. வெள்ளைக் கழிச்சல் நோயின் கிருமி புகுந்த கோழி, நோயின் அறிகுறி தெரியும் முன்பே சில நாள்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றலாம். அது கூண்டுக்குள் வந்தால் மற்றவையும் மடியக்கூடும். 2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது. கோழிகள் திடீரென அடுத்தடுத்து இறந்தால், கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

வெளியிலிருந்து கோழி வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அதை ஏறத்தாழ 30 நாள்கள் தனிக்கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அதன் பிறகே புதியவற்றிடம் செல்ல வேண்டும். சளி, இளைப்பு, தொங்கிய சிறகு, பச்சை நிறக் கழிச்சல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள்.

தனிமைக் காலம் முடிந்ததும் நேராகக் கூட்டத்தில் விடுவது நல்லதன்று. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப் எப்பே 1921ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினார். புதிய கோழி வந்தால் அவ்வரிசை குலைந்து சண்டை மூளும். ஆகவே, சில நாள்கள் கம்பிவலைக்கு அப்பாலிருந்து அவை ஒன்றையொன்று பார்க்கட்டும். பிறகு இரவில், உறங்கும் வேளையில், ஒன்றாக விடலாம்.

கூண்டுக்குள்ளேயே ஒரு வழி

பாட்டி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சிய பெட்டைகளுள் ஒன்று சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கூட்டைவிட்டு எழ மறுத்தது. அது அடைக்குத் தயாராகிவிட்டது. சேவலும் இருந்ததால், வீட்டு முட்டைகளே கருக்கூடியவை. கடை முட்டை பொதுவாகப் பொரிக்காது; முட்டைப் பண்ணைகளில் பெட்டைகளோடு சேவல்களை வளர்ப்பதில்லை.

குளிர்பதனப் பெட்டியில் வைக்காத, ஒரு வாரத்திற்கு உட்பட்ட பத்து முட்டைகளைப் பாட்டி அடைவைத்தார். ஏழாம் நாள் இரவு, பேரன் கைவிளக்கொளியில் முட்டைகளைப் பார்த்தான். உள்ளே மெல்லிய செந்நிற நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அது பொரிக்காது. முட்டை பொரிக்க 21 நாள்கள் ஆகும்.

இவ்வழியிலும் இழப்பு உண்டு. அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும் வரை தாய்க்கோழி முட்டையிடாது. எட்டுக் குஞ்சுகள் பொரித்தாலும் அவற்றுள் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். நவம்பரில் பொரித்த பெட்டை முட்டையிட அடுத்த ஆண்டு ஏப்ரலோ மே மாதமோ ஆகிவிடும். ஆனால், வெளியிலிருந்து கோழி வராததால், அதனுடன் நோய் வரும் ஆபத்தும் இல்லை.

அந்த 21 நாள்களும் வீணாகவில்லை. பேரன் மரநாய் புகுந்த ஓட்டையைக் கெட்டியான கம்பிவலையால் அடைத்தான். மழைநீர் தேங்காதபடி கூண்டின் தரையை உயர்த்தினான். ஓட்டையை அடைக்காமல் கோழி வாங்கியிருந்தால், அது மரநாய்க்கு வைத்த விருந்தாகத்தான் முடிந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொன்னது கோழிக் கூண்டுக்கும் பொருந்தும்.