காதறிந்து அணிதல்

அணிகலன் உடலுக்கு அழகு தருவது. எனினும் உடலின் ஆற்றலறியாது பூண்ட அணி அழகு தாராது, அல்லலே தரும். இவ்வுண்மையை வேறெவ்வுறுப்பினும் காது நன்கு உணர்த்தும். அதிலும், துளையைப் பெருக்கி வளர்த்த காதிற்கு அணி தெரிந்தெடுத்தல் தனிக்கலையாகவே நம் நாட்டில் விளங்கிற்று.

காது வளர்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையின் பனியிடையே ஆடவன் ஒருவனுடைய உடல் கண்டெடுக்கப்பெற்றது. ஏறத்தாழ 5300 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அவனுடைய காதுத் துளைகளும் பெருக்கப்பெற்றிருந்தன. தமிழ்நாட்டிலோ, பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், குழை அசையும் பாடினியின் காதைக் கத்தரிகையின் கைப்பிடிக்கு ஒப்பிடுகின்றார். இடையே வெளியும் சுற்றிலும் மெல்லிய வளையமுமாக அமைந்த காதிற்கு இதனினும் பொருத்தமான உவமை காண்டல் அரிது. அவ்வளையம் சுமை பொறுக்க வல்லது என்பதையும் புலவர் கூறாமல் விடவில்லை.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை செழித்திருந்தது. சிறுமியின் காதைக் குத்தியபின், முதலில் நூலையும் பஞ்சையும் துளையில் இடுவர். பின்னர்ப் பனையோலையைச் சுருட்டிச் செருகுவர். சுருண்ட ஓலை விரிய முயலும் இயல்புடையது. ஆதலின் அது துளையைச் சிறிது சிறிதாக அகலச் செய்யும். இவ்வாறு துளையைப் பெருக்க இடுவதற்குக் குதம்பை என்று பெயர். துளை அகன்றபின் ஈயத்தாலாகிய குணுக்குகளை மாட்டுவர். அவற்றின் கனத்தால் காது நாளடைவில் நீண்டு தொங்கும். ஓலையே நாளடைவில் அணியுமாயிற்று. காதணியைக் குறிக்கும் ஓலை, தோடு என்னும் சொற்கள் இரண்டும் பனையேட்டையும் குறிப்பன அல்லவோ?

இங்ஙனம் வளர்த்த காதில் எதனைப் பூணுவது? சோணை எனப்படும் காதின் அடிப்பகுதியில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. தோலும் கொழுப்பும் நார்த்தசையுமே உள்ளன. அதனை இழுத்து நீட்டியபின் எஞ்சுவது ஒரு மெல்லிய தசைக்கயிறேயாம். அக்கயிற்றிலே பெரிய பொன்னணியைத் தொங்கவிட்டால் அறுந்துவிடாதோ? இவ்வினாவிற்கு நம் பொற்கொல்லர் கண்ட விடையே பாம்படம்.

கன சதுரமும் உருண்டையும் தகடும் இணைந்த உருவுடையது பாம்படம். காண்போர் அதனை முழுதும் பொன்னென்றே மயங்குவர். உண்மையில் வெளியே இருப்பது மெல்லிய பொன்தகடு. உள்ளே இருப்பது அரக்கு. பொன்னைக் குறைத்துச் செலவைச் சுருக்குதல் இதன் ஒரு பயன். காதைக் காத்தல் அதனினும் பெரும்பயன். ஒரு கன செண்டிமீட்டர் தூய பொன்னின் எடை 19.3 கிராம், அவ்வளவு அரக்கின் எடையோ ஏறத்தாழ ஒரு கிராமே. பக்கத்திற்கு 2 செண்டிமீட்டர் அளவுடைய பொற்கட்டி ஒன்றைத் திண்மையாகச் செய்தால் அது 150 கிராமுக்கு மேற்படும். அதே அளவில் 0.2 மில்லிமீட்டர் தகட்டால் கூடு செய்து உள்ளே அரக்கை நிரப்பினால் 20 கிராம் அளவில் நிற்கும். தோற்றத்திற் பெருமையும் எடையிற் சிறுமையும் ஒருங்கே அமைந்த இவ்வேலைப்பாடு, கணக்கறிந்த கைவினையன்றோ?

பாம்படமும் தண்டட்டியும் அழகுப் பொருள் மட்டுமல்ல. அவற்றை அணிந்த பெண்ணின் சொந்தச் செல்வமுமாகும். மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லுக்காகவும், மகளின் திருமணத்திற்காகவும் அவற்றைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் பலர். இருபதாம் நூற்றாண்டில் வழக்கம் மாறியது. நீண்ட காது நாகரிகமன்று என்னும் எண்ணம் பரவவே, பெண்கள் பலர் சோணையை அறுத்துத் தைத்துச் சிறு தோடு அணியலாயினர். இன்று தென்மாவட்டச் சிற்றூர்களில் முதிய பெண்டிர் சிலரிடமும், அருங்காட்சியகங்களிலுமே பாம்படத்தைக் காண முடிகின்றது.

ஆயினும் காது வளர்த்தல் முற்றும் மறையவில்லை. மேலை நாட்டு இளைஞரும் நம் நகரத்து இளைஞர் சிலரும் அதனைப் புதிதாக மேற்கொண்டுள்ளனர். பிளக் என்னும் உருளையும் டனல் என்னும் குழலும் அவர் அணிவன. பெயர் புதிது, காது பழையதே. ஆகவே பண்டையோர் கண்ட நெறி இவர்க்கும் வேண்டுவதே.

முதலாவது, பொறுமை. துளையை ஒரே நாளில் பெருக்க முயன்றால் தோல் கிழியும், சீழ் பிடிக்கும், ஆறியபின் தழும்பு தடித்துவிடும். ஒரு படி பெருக்கியபின், முற்றும் ஆறும் வரை காத்திருந்தே அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும். வலியும் சிவப்பும் காது விடுக்கும் எச்சரிக்கைகள்.

இரண்டாவது, பொருள். நிக்கல் கலந்த மலிவான அணிகள் பலர்க்குத் தோல் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். புதிதாகப் பெருக்கிய துளைக்கு மருத்துவத் தரமுடைய டைட்டானியமும் வழவழப்பான கண்ணாடியும் ஏற்றவை. மரம் ஈரத்தை உறிஞ்சும். எனவே காது நன்கு ஆறியபின்னரே மரத்தாலானவற்றை அணிதல் தகும்.

மூன்றாவது, அளவு. இறுகிய அணி குருதியோட்டத்தைத் தடுக்கும். தளர்ந்த அணி நழுவி விழும். விளிம்பு கூரியதாயின் தோலை அறுக்கும்.

நான்காவது, எடை. கனத்த அணியை நெடுநேரம் பூண்டால் தசைக்கயிறு மேலும் மெலியும். உறங்குமுன் அதனைக் கழற்றி வைத்தல் நலம். அறுந்த சோணையை அறுவை மருத்துவர் தைத்துச் சீராக்க வல்லர். ஆனால் தழும்பு எஞ்சும். மிகப் பெருக்கிய துளையும் தானே மூடிக்கொள்வதில்லை. ஆதலின் தொடங்குமுன் எண்ணித் துணிதல் அறிவுடைமை.

அணியின் அழகைக் கண்டு காதை அதற்கு உட்படுத்துவார் பின்னர் வருந்துவர். காதின் ஆற்றலை அளந்து அதற்கேற்ப அணியைச் சமைத்தார் நம் பொற்கொல்லர். அவர் பொற்கூட்டினுள் நிரப்பிய அரக்கு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. எனினும் அணிந்தாளின் காதை வாழ்நாள் முழுதும் காத்தது அதுவே.