கொச்சித் துறையும் ஆரியசாலை அடுப்பும்

ஆரியசாலையில் விடியற்காலை லாரிகள் சரக்கிறக்கும் வேளையைக் கண்டவர்களுக்கு வழங்கல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அரிசி ஓரூரிலிருந்தும் மிளகாய் வேறோரூரிலிருந்தும் வருகின்றன. ஒரு வழி அடைபட்டால் மறுவழி எது என்பதை வணிகர் முன்னரே எண்ணி வைத்திருப்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததோடு நின்றுவிடவில்லை. தலைநகரில் சாலைச் சந்தையையும் நிறுவினார். துறையில் இறங்கும் பொருள் சேருமிடம் ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், இதே கடற்கரையில் இயற்கை எரிவாயுவுக்குத் துறை அமைத்தவர்கள் அதனை மறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் காலத்தில் செய்து முடிக்க இயலவில்லை.

கொச்சியை அடுத்த புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் முனையம் 2013ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. எரிவாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வாறு கப்பலில் வரும் திரவத்தை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்துவதே முனையத்தின் வேலை. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறனுடன் கட்டப்பட்ட இம்முனையம், பல ஆண்டுகள் அத்திறனில் பத்திலொரு பங்கைக் கூடப் பயன்படுத்தவில்லை. கப்பல் வரத் தயங்கவில்லை. வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய்தான் இல்லை. கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாக மங்களூரு செல்லும் 450 கிலோமீட்டர்க் குழாய்வழி, 2021 ஜனவரி 5 அன்றுதான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

தாமதத்திற்குப் போராட்டமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2017இல் கோழிக்கோடு மாவட்டத்து முக்கத்தில் எதிர்ப்பு வலுத்தது உண்மையே. ஆயினும் அதன் வேரைச் சட்டத்தில் காணலாம். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி நிலம் உரியவரிடமே இருக்கும்; ஆனால் குழாய் செல்லும் பட்டையில் அவர் வீடு கட்டவோ மரம் வைக்கவோ கூடாது. அதற்கு அச்சட்டம் விதித்த இழப்பீடு நிலமதிப்பில் பத்து விழுக்காடு. ஐந்து சென்ட் மட்டுமே உள்ள குடும்பத்திற்கு இது என்ன கணக்கு? தென்னையும் வீடும் நெருங்கி நிற்கும் கேரளத்திற்கு, ஆளில்லாப் பெருவெளிகளுக்குப் பொருந்தும் விதியைப் பொருத்தியது திட்டமிட்டோரின் பிழை என்றே நாம் கருதுகிறோம். வாளையாற்றைக் கடந்து தமிழகத்திலும் இதே நிலைதான். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட உழவர்களின் எதிர்ப்பையடுத்து, விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலையோரமாகக் குழாய் பதிக்குமாறு மாநில அரசு 2013இல் ஆணையிட்டது. வழக்கு 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது.

தெற்கே வருவோம். பெருங்குழாய் கொச்சியிலிருந்து வடக்கே சென்றதேயன்றித் திருவனந்தபுரத்தை நோக்கித் திரும்பவில்லை. எனவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுக்குத் திரவ வாயு டேங்கர் லாரிகளில் வந்து, கொச்சுவேளி நிலையத்தில் மீண்டும் வாயுவாகி, நகரின் சிறு குழாய்களில் நுழைகிறது. இதனை இடைக்கால ஏற்பாடாக ஏற்கலாம். ஆனால் கடலைக் கடந்து வந்த பொருள், இறுதியில் ஒரு நெடுஞ்சாலையின் போக்குவரத்தை நம்பி நிற்கிறது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி எல்லைக்கு அப்பால். இந்தியா பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டது. அதனை நிலவழிக் குழாயில் கொணரும் திட்டங்கள் பலவாறு பேசப்பட்டன. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக ஒன்று. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மற்றொன்று. பின்னதற்கு 2015 டிசம்பரில் தொடக்க விழாவே நடந்தது. இரண்டிலும் ஒரு துளி வாயுவும் நம் எல்லையை அடையவில்லை. ஆகவே நமக்குக் கடலே வழி. கத்தார் நாட்டுக் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே வரவேண்டும். கொச்சிக்கென 2009இல் ஒப்பந்தமான ஆஸ்திரேலியாவின் கார்கன் வாயுவுக்கு அத்தடை இல்லை. இந்த ஒரு வகையில் தொலைநோக்கு இருந்தது.

ஒப்பந்தம் இருந்தால் கவலையில்லை என்று எண்ணுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகள். 2015இல் சந்தை விலை சரிந்தபோது, கத்தாரிடம் ஒப்புக்கொண்ட அளவைப் பெட்ரோநெட் எடுக்கவில்லை. ஆண்டிறுதியில் விலைச் சூத்திரம் திருத்தப்பட்டது, தண்டத்தொகையும் தள்ளுபடியாயிற்று. அப்போது வாக்கு மாறியது நாம். 2022இல் உக்ரைன் போரையடுத்து ஆசியச் சந்தை விலை, 2020 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே கிடந்தது, 80 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டில், காஸ்ப்ரோம் குழுமத்திடமிருந்து ஜெர்மன் அரசின் பொறுப்புக்கு மாறியிருந்த நிறுவனம், கெயிலுக்கு அனுப்ப வேண்டிய கப்பல்களை நிறுத்தியது. வழக்கு நடுவர் மன்றம் சென்று, 2025 தொடக்கத்தில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. இழப்பீடு வந்தது, வேண்டிய நாளில் வாயு வரவில்லை. நெடுங்கால ஒப்பந்தம் சிறிய அலைகளைத் தாங்கும், பேரலையில் இரு தரப்பும் கைவிடக்கூடும் என்பதே இவற்றால் நாம் அறிவது.

இதற்கு மாற்று, சேமிப்பு. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடிக் கிடங்குகள் உள்ளன. எரிவாயுவுக்கு அத்தகைய தேசியக் கிடங்கு அமையவில்லை; முனையத்துக் கலன்களில் உள்ளதுதான் கையிருப்பு.

உணவகத்திற்கோ பேக்கரிக்கோ குழாய் வாயு பெறக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள், விலைச் சேமிப்பை மட்டும் கணக்கிட்டு வருகின்றனர். உருளையே பாதுகாப்பு என்று நம்புவோரும் உளர். ஆனால் நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி அதே ஹோர்முஸ் வழியே வருவது. எனவே எது மேல் என்பதைவிட, ஒன்று நின்றால் மற்றொன்றுக்கு எத்தனை நாளில் மாறலாம் என்று கேட்பது பயனுடையது. விலை எத்தனை நாளுக்கொருமுறை மாறும், வழங்கல் தடைப்பட்டால் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்பவற்றை இணைப்பு ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ள வேண்டும். உருளை வாயுவுக்கும் இயற்கை வாயுவுக்கும் அடுப்பின் துளைமுனைகள் வேறு. மாற்றித் தரும் பணியாளர் கழற்றிய பழைய முனைகளைக் கேட்டு வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.