இலாபத்தில் பங்கு: தயவா, நீதியா?

மன்னார் முதல் முல்லைத்தீவு வரை நமது கரையோர ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குப் 'பங்கு' என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. படகு கரைக்கு வருகிறது, மீன் விலைப்படுகிறது. எரிபொருள், ஐஸ், சாப்பாடு என்று செலவு முதலில் கழிகிறது. மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பங்கு. இந்தப் பங்கின் அளவு ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். சம்மாட்டி கூடுதலாக எடுக்கிறார் என்ற முணுமுணுப்பும் சில இடங்களில் உண்டு. ஆனாலும் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: அதிகம் பட்டால் எல்லோருக்கும் அதிகம்; வெறும் வலை வந்தால் எல்லோருக்கும் பட்டினி.

இப்போது மலைநாட்டுக்குப் போவோம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு காலையில் மலைக்குப் போகும் தாய்க்குக் கிடைப்பது நாட்சம்பளம். கொழும்பு ஏலத்தில் தேயிலை நல்ல விலைக்குப் போனாலும் அவளுக்கு அதே சம்பளம். அவள் கை முன்னையிலும் விரைவாக ஓடினாலும் பெரும்பாலும் அதே சம்பளம். தொழிற்சாலை, கடை, ஆலை என்று கூலிக்கு உழைப்போர் அனைவரது நிலையும் ஏறக்குறைய இதுவே.

பேசிய கூலியைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்துவிடுகிறதா? உழைப்பினால் விளைச்சலும் இலாபமும் பெருகும்போது, அந்தப் பெருக்கத்தில் தொழிலாளிக்கு உரிமை உண்டா? இவ்வாரம் இதைப் படிப்போம்.

1. கூலி வேறு, பங்கு வேறு

வேதாகமம் இரண்டையும் பற்றிப் பேசுகிறது. வயலில் அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரைப் புனித யாகப்பர் தமது திருமுகத்தின் 5ம் அதிகாரத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். அது கூலியைப் பற்றியது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்பது மோயீசன் சட்டம். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ம் அதிகாரத்தில் இச்சட்டத்தை எடுத்துக் காட்டி, உழுபவனும் போரடிப்பவனும் விளைச்சலில் பங்கு பெறும் நம்பிக்கையோடு உழைக்க வேண்டும் என்று கற்பிக்கிறார். அது பங்கைப் பற்றியது. சூடடிக்கும் களத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் நன்கு புரியும்.

2. பாப்பரசர்களின் போதனை

1891ல் பாப்பரசர் 13ம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூலி என்பதனால் மட்டும் அது நீதியான கூலி ஆகிவிடாது என்று நிலைநாட்டியது. பசியின் நெருக்கடியால் குறைந்த கூலிக்குச் சம்மதிப்பவன் மனமொத்துச் சம்மதிக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளின் பின், 1931ல், 11ம் பத்திநாதர் ஒரு படி மேலே சென்றார். கூலி ஒப்பந்தம் தன்னிலே அநீதியானதல்ல என்று அவர் ஏற்றுக்கொண்டார். எனினும், இயலுமான இடங்களில் அதனோடு கூட்டு முயற்சியின் தன்மையும் சேர்ந்து, தொழிலாளர் உடைமையிலோ நிர்வாகத்திலோ இலாபத்திலோ பங்கு பெறுவது நல்லது என்றார். 1961ல் 23ம் அருளப்பர் இன்னொரு நுணுக்கத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு கம்பனி தன் இலாபத்தையே திரும்பப் போட்டு வளர்ந்திருக்குமானால், அந்த இலாபத்தை உண்டாக்கிய தொழிலாளருக்கும் அந்த வளர்ச்சியில் உரிமை உண்டு. 1981ல் இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பு முதலுக்கு முந்தியது என்ற அடிப்படையில், தொழிலாளர் பங்குடைமையையும் இலாபப் பங்கீட்டையும் கவனத்துக்குரிய வழிகளாக எடுத்துரைத்தார்.

ஆகவே இது நேற்று முளைத்த கோரிக்கையல்ல. எந்தக் கட்சியிடமிருந்தும் திருச்சபை இரவல் வாங்கியதுமல்ல.

3. ஐந்தாவது கிலோ யாருடையது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு தாய் நாளொன்றுக்கு 18 கிலோ பறிக்கிறாள் என்று வைப்போம். அது 4 கிலோ தூள். அதே தாய் இருபத்திரண்டரை கிலோ பறித்தால் 5 கிலோ தூள். வேலைநாள் ஒன்றுதான்; தூள் ஒரு கிலோ கூடியிருக்கிறது. அந்த ஐந்தாவது கிலோ யாருடையது?

முழுவதும் அவளுடையது என்று சொல்ல நீதி இடம் தராது. பசளை போட்டது, கவ்வாத்துச் செய்வித்தது, தொழிற்சாலையை நடத்தியது தோட்ட நிர்வாகம். முழுவதும் கம்பனியுடையது என்று சொல்லவும் நீதி இடம் தராது. செடி தானாகக் கூடையில் விழவில்லை. அட்டை கடித்த காலோடும் மழையில் நனைந்த முதுகோடும் அவள் பறித்ததே அது. இருவர் சேர்ந்து உண்டாக்கியது இருவருக்கும் உரியது.

நடைமுறையில் நேர்வது என்ன? நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவைத் தோட்டம் தீர்மானிக்கிறது. அளவு குறைந்தால் அரைப் பேர். சம்பளத்தைத் தொடாமல் அந்த அளவை மட்டும் உயர்த்திவிட்டால், ஐந்தாவது கிலோ சத்தமில்லாமல் ஒரு பக்கத்துக்குப் போய்விடுகிறது. யாரும் எதையும் திருடியதாகத் தெரியாது. ஆனால் பங்கீடு நடந்து முடிந்துவிட்டது.

4. எழுதப்பட்ட பங்குகள்

பங்கு என்ற எண்ணம் நமது நாட்டுச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் புதியதல்ல. 1972லும் 1975லும் அரசுடைமையான தோட்டங்கள் 1992ல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குக் கையளிக்கப்பட்டன. பின்னர் அக்கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்து வீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. அந்தப் பத்திரம் இன்று எத்தனை லயங்களில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது? அது என்னவென்று அவர்களுக்கு யார் விளக்கினார்கள்?

2016ன் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா நாட்சம்பளம் பேசப்பட்டது. அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, தேயிலை விலையில் பங்காக 30. 2019ல் வரவுக்கும் உற்பத்தித் திறனுக்கும் உரிய கொடுப்பனவுகள் நீங்கி, அடிப்படை 700 ரூபாவும் விலைப் பங்கு 50 ரூபாவும் ஆகின. 2021ல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபா, 2024ல் 1350 ரூபா என்று நாட்சம்பளம் உயர்ந்தது.

இந்தக் கணக்கு நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. பங்கு என்று பெயரிட்டு ஒரு தொகையை எழுதிவைத்தால் அது பங்காகிவிடாது. விலையோடு ஏறி விலையோடு இறங்குவதே பங்கு. அதற்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை வேண்டும். கரையில் மீன் எல்லோர் கண்முன்னும் விலைப்படுகிறது. படகில் போனவனுக்குத் தன் பங்கைத் தானே கணக்கிட முடியும். மலையில் கொழுந்து நிறுக்கும் தராசோடு தொழிலாளியின் பார்வை முடிந்துவிடுகிறது.

1980ன் ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். சம்பளத்தின் 3 வீதத்தைத் தொழில் கொள்வோர் அந்நிதியத்துக்குச் செலுத்துகின்றனர். கைச்செலவுக்கு உதவும் சேமிப்பாகவே நாம் அதைக் கருதுகிறோம். தொழிலாளரின் உடைமையையும் பொருளாதார சனநாயகத்தையும் வளர்ப்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதைப் பலரும் அறியார்.

5. நட்டம் வந்தால்?

"இலாபத்தில் பங்கு கேட்பவர்கள் நட்டத்திலும் பங்கு ஏற்பார்களா?" என்று முதலாளிமார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விலை விழும் காலத்துக்கும், மீள்நடுகைக்கும், இயந்திரத்துக்கும் பணம் ஒதுக்காத கம்பனி நிலைக்காது. கம்பனி மூடப்பட்டால் பகிர்ந்துகொள்ள ஒன்றும் இராது.

இதற்கு ஒரு குருவின் அனுபவம் விடை தருகிறது. ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொன்ட்ராகன் என்ற ஊருக்கு 1941ல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளங்குரு அனுப்பப்பட்டார். 1943ல் அவர் அங்கு ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அதில் படித்த ஐவர் 1956ல் அடுப்புச் செய்யும் தொழிலகத்தை அமைத்தனர். 1959ல் அவர்களுக்கென ஒரு சேமிப்பு வங்கி எழுந்தது. தொழிலாளரே அங்கு உடைமையாளர். ஆரம்பத்தில், ஆகக் கூடிய சம்பளம் ஆகக் குறைந்த சம்பளத்தின் மூன்று மடங்குக்கு மேற்படலாகாது என்று விதித்துக்கொண்டனர். இலாபத்தை உடனே கையில் வாங்கிக்கொள்ளாமல், அவரவர் பெயரில் கணக்கு வைத்துத் தொழிலிலேயே விட்டுவைத்தனர்.

துன்பமும் வந்தது. 2013ல் அக்கூட்டுறவுகளுள் பெயர்பெற்றதான பாகோர் நிறுவனம் வீழ்ந்தது. உறுப்பினர் தாம் இட்ட பணத்தை இழந்தனர். ஆனால் அவர்களுள் பலருக்கு ஏனைய கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. நட்டத்தையும் பகிரலாம் என்பதையே அவர்கள் காட்டினர். ஆனால் கூலிக்காரனிடம் நட்டத்தில் மட்டும் பங்கு கேட்பது முறையல்ல. வேலைநாள் குறைப்பும் ஆட்குறைப்பும் வரும்போது அவன் ஏற்கெனவே நட்டத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறான்.

6. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது: குடும்பம் வாழக்கூடிய கூலியே முதற்கடன். கூலியைக் குறைத்துவிட்டு இலாபத்தில் தருகிறோம் என்பது ஏமாற்று.

இரண்டாவது: பங்கின் விகிதத்தை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும், கணக்கு இரு தரப்புக்கும் திறந்திருக்க வேண்டும். வருட முடிவில் முதலாளி மனமிரங்கித் தருவது நன்கொடை. அதை நன்றியோடு ஏற்கலாம். ஆனால் அது பங்காகாது.

மூன்றாவது: தொழிலாளிக்கும் கடமை உண்டு. நேர்மையாக உழைக்காதவனும், முற்றிய இலையைக் கூடையில் போட்டு நிறை காட்டுபவனும், தன்னோடு உழைப்பவர்களின் பங்கிலேயே கை வைக்கிறான்.

கம்பனிகளை மட்டும் நோக்கி இதை எழுதவில்லை. நம் மக்களிடையேயும் சம்மாட்டிமார், ஆலைக்காரர், கடை முதலாளிமார் இருக்கிறார்கள். கோவில் திருநாளுக்குத் தாராளமாகக் கொடுக்கும் கையே சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது சுருங்குவதை நாம் அறிவோம். உழைப்பவனின் பங்கை எடுத்துச் செய்யும் தருமத்தில் புண்ணியம் இல்லை. தச்சுத் தொழிலால் திருக்குடும்பத்தைப் போஷித்த புனித சூசையப்பர் அதைக் கண்டு மகிழார்.

திருச்சபையில் நாம் ஒன்றுகூடும் குடும்பத்துக்கும் 'பங்கு' என்றே பெயர். அப்பெயருக்கேற்ப நடப்போமாக.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நமது வீட்டில், கடையில், படகில் உழைப்பவரின் கூலி அவர் குடும்பத்துக்குப் போதுமா? கடைசியாக எப்போது அதைப் பற்றி அவரிடம் கேட்டோம்?

2. இவ்வருடம் நமது தொழில் செழித்திருந்தால், அச்செழிப்பில் அவருக்குக் கிடைத்தது என்ன?

3. நாமே கூலிக்கு உழைப்பவராயின், நமது சேமலாப நிதி, நம்பிக்கை நிதியக் கணக்குகளைப் பார்த்திருக்கிறோமா? பங்குப் பத்திரம் உண்டானால் அதை வாசித்துக் காட்டக்கூடியவர் யார்?