வடவானத்துப் பேரொளி

நள்ளிரவுவரை விழித்திருந்து எழுதுதல் மாணவராகிய நமக்குப் புதிதன்று. விளக்கொளி விழும் சிறு வட்டமே அப்போது நம் உலகமாகிவிடுகின்றது. வெளியே வானம் எவ்வாறிருக்கின்றதென்று எழுந்து சென்று காண்பார் நம்முள் மிகச் சிலரே. அங்ஙனம் வெளியே வந்து நின்ற ஒருவர் கண்ட காட்சியையும் அதன் காரணத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அவர் நார்வே நாட்டு நான்சென் என்னும் அறிஞர். வடகடற் பனிப்பாறைகள் ஓரிடத்து நில்லாமல் மெல்ல நகர்கின்றன என்றும், அவற்றிடையே ஒரு கப்பலை உறையவிட்டால் அது வடமுனையின் அருகே கொண்டு செல்லப்படும் என்றும் அவர் கருதினார். வல்லுநர் பலர் இதனை மறுத்தனர். எனினும் 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ஃப்ராம்’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். ‘முன்னோக்கி’ என்பது அப்பெயரின் பொருள். செப்டம்பரில் கப்பல் பனியில் உறைந்தது. அக்டோபர் இறுதியில் ஞாயிறு மறைந்து, திங்கள் பல நீளும் இரவு தொடங்கிற்று.

காற்றாடியால் உண்டாக்கிய மின்விளக்கு கப்பலினுள்ளே எரிந்தது. நான்சென் அங்கிருந்து நாட்குறிப்பு எழுதி வந்தார். ஆனால் வடக்கே செல்லுமென்று அவர் கணக்கிட்ட கப்பலோ முதலில் தெற்கே நகர்ந்தது. தம் வாழ்வையும் தோழர் வாழ்வையும் ஒரு பிழையான கணக்கில் வைத்துவிட்டோமோ என்று ஐயுறுவதற்கு இடமுண்டாயிற்று. நவம்பர் மாதத்தில் ஒரு நாள், சோர்ந்த உள்ளத்தோடு அவர் மேல்தளத்திற்கு ஏறி வந்தார். வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வானவில்லின் நிறங்களெல்லாம் வான் முழுதும் சுடர்விட்டு அலைந்தன. வடதிசை ஒளியை அவர் முன்னரும் அறிவர். ஆயினும் அன்றைய காட்சியை அவர் எதிர்பார்த்திலர். சொல்லால் முற்றும் கூறவியலாத அவ்வழகை எழுதியும் வண்ணச் சித்திரமாகத் தீட்டியும் வைத்தார்.

இவ்வொளியின் காரணம் யாது? ஞாயிற்றினின்று மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் ஓயாது வெளிப்படுகின்றன. அங்கே பெருங்குமுறல் நேருங்கால் அவை திரளாகப் புறப்பட்டு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை அடைகின்றன. அதனால் பூமியின் காந்தவெளி கலங்க, எலக்ட்ரான்கள் துருவப் பகுதிகளை நோக்கி விரைந்து வந்து காற்றணுக்களோடு மோதுகின்றன. மோதுண்ட அணுக்கள் தாம் பெற்ற ஆற்றலை ஒளியாக வெளிவிடுகின்றன. சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயு பச்சையொளி தரும். 200 கிலோமீட்டருக்கு மேல் அதுவே சிவப்பொளி தரும். சிவப்பொளியை வெளிவிட ஓரணுவிற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். காற்று அடர்ந்த தாழ்நிலையில் அதற்குள் வேறோர் அணு மோதி அவ்வாற்றலைக் கவர்ந்துவிடும்; ஆகையால் சிவப்பு மிக உயரத்திலேயே தோன்றுகின்றது.

ஞாயிற்றின் களங்கங்கள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை மிகும். நான்சென் கண்டது அத்தகைய காலத்திலே. 2024-ஆம் ஆண்டும் அத்தகையதே. அவ்வாண்டு மே 10-ஆம் நாள் இரவில் லடாக்கின் ஹான்லே வானாராய்ச்சி நிலையத்துக் காமிராக்கள் வடவானில் செந்நிறத்தைப் பதிவு செய்தன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒளியின் உச்சிப் பகுதி மட்டுமே அடிவானத்தின் மேல் தெரியும். ஆதலின் சிவப்பே தோன்றிற்று. 1899-இல் நிறுவப்பட்ட நம் கொடைக்கானல் நிலையமும் இக்களங்கங்களை நூறாண்டுக்கு மேலாகப் படம்பிடித்து வருகின்றது.

நாம் இவ்வொளியைக் கண்டதில்லை. கண்டாருடைய சொற்களைக் கொண்டே எழுதுகின்றோம். இக்குறையை மறைத்தல் தகாது. தமிழ் பயிலும் நமக்கு இது ஓர் எச்சரிக்கையுமாகும். கண்ணாற் காணாது நிலவையும் கடலையும் ஏட்டுவமைகளால் மட்டும் புனைந்துரைப்பது நமக்கு எளிதாகிவிட்டது. நான்சென் மேல்தளத்திற்கு வந்தபோது கப்பல் திசைமாறவில்லை, கணக்கும் தீரவில்லை. அவருடைய சோர்வை அறியாமலே அவ்வொளி ஞாயிற்றினின்று புறப்பட்டிருந்தது. அவர் செய்தது ஒன்றே: எழுந்து வெளியே வந்தார். இன்றிரவு எழுதி முடித்தபின் விளக்கை அணைத்து, துயிலச் செல்லுமுன் சிறிது நேரம் முற்றத்தில் நிற்போமாக. நம் வானத்தில் அப்பேரொளி தோன்றாது. ஆயினும் நாம் இதுகாறும் நோக்காத விண்மீன்கள் அங்கே உள.