மூத்த குமாரன் எங்கே?

கேள்வி: வேதபகுதி ஒன்றை வியாக்கியானித்துப் பிரசங்கிக்க விரும்பும் உபதேசியார் எவ்விதம் ஆயத்தப்பட வேண்டும்?

பதில்: விஷயத்தை முன்னதாகவே நிச்சயித்துக்கொண்டு, அதற்கு ஆதாரமாக ஒரு வசனத்தைத் தேடும் வழக்கத்தை விட்டொழிப்பதே முதற்காரியம். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், பன்றிகளின் தவிட்டையும் தகப்பனின் ஓட்டத்தையும் உருக்கமாக வர்ணித்து, இளைய குமாரன் வீடு திரும்பியதோடு முடித்துவிடுகிறவர் (நம்மில் அநேகர் அப்படித்தான்), அந்த அதிகாரத்தின் முதலிரண்டு வசனங்களைக் கவனித்திருப்பாரானால், பாவிகளோடு இயேசு பந்தியிருக்கிறாரென்று முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்குமே அக்கதை சொல்லப்பட்டதென்பதையும், ஆகவே உள்ளே வர மனமில்லாமல் வெளியே நின்ற மூத்தவனிடத்திலேதான் அதன் கூர்முனை இருக்கிறதென்பதையும், அவன் உள்ளே போனானா என்பது கடைசிவரை சொல்லப்படவேயில்லை என்பதையும் கண்டிருப்பார். ஆகையால் பகுதியைப் பலமுறை உரக்க வாசித்து, முன்பின் சந்தர்ப்பத்தை ஆராய்ந்து, பிரதான கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்ட பின்னரே வியாக்கியான நூல்களைத் திறக்க வேண்டும்.

இவ்விதம் ஒரு வேதபுத்தகத்தைப் பகுதி பகுதியாக, வரிசையாகப் பிரசங்கிப்பதில் ஒரு லாபம், சொந்தக் கோபதாபங்களுக்கு அங்கே இடமில்லை என்பது. 1538-இல் ஜெனீவாவினின்று வெளியேற்றப்பட்ட சீர்திருத்தவாதியான கால்வின், 1541-இல் திரும்பி வந்தபோது, தம்மைத் துரத்தினவர்களை நிந்தியாமல், முன்பு நிறுத்திய இடத்திலிருந்தே வியாக்கியானத்தைத் தொடர்ந்தார்.

பீடத்தில் குறிப்புத் தாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால், சபையார் வேதபுத்தகத்தில் அந்த இடத்தை எடுக்கும்வரை பேசத் தொடங்காமல் காத்திருங்கள்.