திடலில் மழை, கையில் படக்கருவி

பின்வரும் கட்டுரையை வாசித்து, இறுதியில் உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுக.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே, இரயில் பாதையையொட்டி அமைந்துள்ள சிற்றூர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் இப்பெயருக்குப் ‘பட்டம்’ என்று பொருள். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலையில் வானம் இருண்டு, மழை சடசடவெனக் கொட்டும். பள்ளிகளின் காற்பந்துப் போட்டிகளும் திடல்தடப் பயிற்சிகளும் பெரும்பாலும் இதே மாலை வேளையில்தான் நடைபெறுகின்றன.

ஆட்டக்காரர் நனைந்தால் உடை மாற்றிக்கொள்ளலாம். திடலோரத்தில் நிற்கும் மாணவர் கையில் உள்ள படக்கருவி நனைந்தால் என்ன செய்வது? ஒரு பள்ளியின் நிழற்படக் கழகத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கருவிகளே இருக்கும். அது பழுதானால், ஆண்டிதழுக்கு எடுக்க வேண்டிய படங்களும் இல்லாமல் போகும். அடுத்து வரும் மாணவர்கள் பழகுவதற்கும் கருவி இராது. அதற்காக, மழை வந்தவுடன் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவதும் சரியான தீர்வாகாது.

மழைக்குள்ளும் படம் உண்டு

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சிலாங்கூரில் உள்ள சிப்பாங் பந்தயத் தடத்தில் மலேசியக் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடைபெற்றது. மாலை 5 மணிக்குத் தொடங்கிய அப்பந்தயம் 56 சுற்றுகள் ஓட வேண்டியது. இடையில் பெய்த கனமழையில் கார்கள் தடத்தைவிட்டு வழுக்கின. பந்தயம் நிறுத்தப்பட்டு, 31ஆம் சுற்றின் நிலவரப்படி ஜென்சன் பட்டன் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். ஓட்டுநர்களுக்கு வழக்கமான புள்ளிகளில் பாதியே கிடைத்தது.

அன்றைய பந்தயத்தின் கதையே மழைதான். தெறிக்கும் நீர், குடையின் கீழ்க் காத்திருக்கும் ஓட்டுநர்கள், இருண்ட வானம் ஆகியவற்றைப் பதிவு செய்யாமல் அந்நாளை விளக்க முடியாது. பள்ளித் திடலிலும் இதே நிலைதான். சேற்றில் சறுக்கிப் பந்தைத் தடுக்கும் கோல் காவலரின் முகம் வெயில் நாளில் கிடைக்காது. ஆகவே, மழையிலும் இயங்கும் வகையில் படக்கருவியை முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும்.

நீர் எவ்வாறு கெடுக்கிறது?

படக்கருவிக்குள் மின்சுற்றுகளும் உலோக இணைப்புகளும் உள்ளன. நீர் உட்புகும்போது மின்சாரம் செல்லக்கூடாத வழியில் பாய்ந்து, உறுப்புகளைப் பழுதாக்குகிறது. உலோகப் பகுதிகள் நாளடைவில் துருப்பிடிக்கின்றன. பொத்தான்களின் ஓரம், மின்கலத்தின் கதவு, லென்ஸ் எனப்படும் வில்லை பொருந்தும் வளையம் ஆகியவையே நீர் நுழையும் முதன்மை வாயில்கள்.

தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் ஜூம் வில்லைகளில் மற்றுமோர் ஆபத்து உண்டு. இவற்றுள் பலவற்றின் குழல் முன்னும் பின்னும் நகரும். குழல் நீளும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. நனைந்த குழல் சுருங்கும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. எனவே, குழலைச் சுருக்குவதற்குமுன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

சில கருவிகளில், ‘நீர்த்துளியைத் தாங்கும்’ என்று குறிப்பிடப்பட்டிருக்கும். துளிகளைத் தாங்குவது வேறு. நீரில் மூழ்கினாலும் கெடாமல் இருப்பது வேறு. கைப்பேசிகளில் காணப்படும் ‘ஐபி’ எண்ணின் இறுதி இலக்கம் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை தாங்கும். பழைய கருவியில் இரப்பர் ஓரங்கள் தேய்ந்திருந்தால் இந்தத் தாங்குதிறனும் குறையும்.

எளிய உறை, பெரிய பாதுகாப்பு

விலை உயர்ந்த மழையுறை இல்லாவிட்டாலும் கவலையில்லை. தடிமனான, ஒளிபுகும் நெகிழிப்பை ஒன்றின் அடிப்பகுதியில் வில்லையின் முகப்பைவிடச் சற்றுச் சிறிய துளையிட வேண்டும். முகப்பில் ‘ஹூட்’ எனும் வளையத்தைப் பொருத்தி, அதனைத் துளை வழியே வெளியே நீட்டி, இரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். பையின் திறந்த வாய் பின்புறம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அவ்வழியே கையை நுழைத்துப் பொத்தான்களை இயக்கலாம். ஹூட், சாய்ந்து வரும் துளிகள் வில்லையின் கண்ணாடியில் விழுவதையும் குறைக்கிறது.

இந்த உறையை மழை தொடங்கியபின் தேடக்கூடாது. வீட்டிலேயே செய்து, ஒருமுறை பொருத்திப் பழக வேண்டும். உடன் இரண்டு உலர்ந்த துணிகள் வேண்டும்: ஒன்று கருவியின் உடலைத் துடைக்க, மற்றொன்று கண்ணாடியை மட்டும் துடைக்க. மின்கலத்தையும் நினைவட்டையையும் ஆட்டம் தொடங்குமுன் மாற்றிவிட்டால், மழையில் கதவுகளைத் திறக்க வேண்டிய தேவை எழாது. மழையில் வில்லையைக் கழற்றி மாற்றவே கூடாது.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை நேரே திடலுக்குக் கொண்டு வந்தால், மழை இல்லாமலேயே அது நனையும். குளிர்ந்த கண்ணாடியின் மீது வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிவதே இதற்குக் காரணம். கருவியைப் பைக்குள் மூடியவாறே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து, பின்னர் எடுப்பது நன்று.

கருவியைவிட உயிர் பெரிது

மாலை மழையுடன் இடியும் மின்னலும் வருவது நம் நாட்டில் இயல்பு. மின்னலைக் கண்டபின் 30 விநாடிக்குள் இடியோசை கேட்டால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள். அப்போது திடலைவிட்டு உடனே கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது, திறந்த வெளியில் குடையையோ உலோக முக்காலியையோ பிடித்து நிற்கக்கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திடலுக்குத் திரும்ப வேண்டும். எந்தப் படமும் இந்த விதிக்கு விலக்கன்று.

மழை நின்ற பிறகு

பல கருவிகள் மழையில் அல்ல, மழைக்குப் பின் காட்டும் அவசரத்தில்தான் கெடுகின்றன. நீர் உட்புகுந்த கருவியை, இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக முடுக்கக்கூடாது. அதை அணைத்து, மின்கலத்தையும் நினைவட்டையையும் அகற்றி, வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். தலைமுடி உலர்த்தியின் சூடு உள்ளுறுப்புகளைப் பாதிக்கலாம். அரிசியில் புதைத்தால் அதன் தூசு இடுக்குகளில் நுழையும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஓரிரு நாள் வைப்பதே ஏற்ற வழி. அதன்பின்னும் இயங்காவிட்டால் பழுதுபார்ப்பவரை நாட வேண்டும்.

நனையாத கருவிக்கும் ஈரத்தால் தீங்கு உண்டு. மலேசியாவின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டிற்கு மேல் உள்ளது. இத்தகைய காற்றில், இருண்ட பைக்குள் நெடுநாள் கிடக்கும் வில்லையில் பூஞ்சை படரும். கண்ணாடியின் மேற்பூச்சையும் அரிக்கும். இதனால்தான் நிழற்படக் கலைஞர்கள் கருவிகளை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட உலர்பெட்டியில் வைக்கின்றனர். மூடி இறுகிய உணவுப் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் இருந்தால் பள்ளியிலேயே இதை அமைக்கலாம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. ஒரு நெகிழிப்பையும், இரு துணிகளும், சிறிது பொறுமையும் இந்த அணைக்குப் போதும். ஐந்தாம் படிவ மாணவர்கள் ஆடும் கடைசி ஆட்டம் மழையிலும் பதிவாகும். அடுத்த ஆண்டு முதலாம் படிவத்தில் சேரும் மாணவர் அதே கருவியைக் கையில் ஏந்திப் பழகத் தொடங்குவார்.

கேள்விகள்

1. ஜூம் வில்லையின் குழலைச் சுருக்குவதற்குமுன் துடைக்க வேண்டியது ஏன்?
2. சிப்பாங்கில் நடந்த பந்தயத்தைக் கட்டுரை எடுத்துக்காட்டியதன் நோக்கம் யாது?
3. மழை இல்லாத நாளிலும் படக்கருவி ஈரத்தால் பாதிப்படையும் இரு சூழல்களை விளக்குக.
4. ‘எந்தப் படமும் இந்த விதிக்கு விலக்கன்று.’ இக்கூற்றைப் பற்றிய உன் கருத்தை எழுதுக.
5. பள்ளியின் பொதுப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைப் பாதுகாக்கும் வழிமுறைகளை ஒரு பத்தியில் எழுதுக.